டெக்சஸ்: 91 வாங்கிய பள்ளியா, 87 வாங்கிய பள்ளியா? ரேட்டிங் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வீடு தேடும் விக்கி

எல்லோருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அலைந்து திரிந்து கடைசியில் இரண்டு வீடுகளில் வந்து நிற்கிறோம். இரண்டும் ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், ஆனால் எலிமென்டரி பள்ளி வேறு வேறு. பெயர்களைப் பொதுவில் போட வேண்டாம் என்பதால் முதல் பள்ளி, இரண்டாம் பள்ளி என்றே சொல்கிறேன்.

மாநிலத்தின் தளத்தில் 2025 ரேட்டிங் பார்த்தேன்.

முதல் பள்ளி: மொத்தம் 91, ஏ கிரேடு. உள்ளே ஸ்டூடன்ட் அச்சீவ்மென்ட் 82, ஸ்கூல் ப்ராக்ரஸ் 92, க்ளோசிங் த கேப்ஸ் 88.

இரண்டாம் பள்ளி: மொத்தம் 87, பி கிரேடு. உள்ளே அதே வரிசையில் 92, 84, 75.

குழப்பம் இங்கேதான். மாநிலம் நடத்தும் ஸ்டார் தேர்வில் கீழிருந்து மேலாக மூன்று நிலைகள்; முதல் பள்ளியில் அப்ரோச்சஸ் 82%, மீட்ஸ் 55%, மாஸ்டர்ஸ் 25%. இரண்டாம் பள்ளியில் 90, 68, 38. எந்த வரிசையைப் பார்த்தாலும் இரண்டாம் பள்ளிதான் மேலே. பிறகு எப்படி அதற்கு பி, மற்றதற்கு ஏ? ரியல் எஸ்டேட் தளத்திலோ நேர்மாறு: முதல் பள்ளிக்குப் பத்துக்கு 6, இரண்டாவதற்கு 9. எங்கள் ஏஜென்டிடம் கேட்டால், பள்ளியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது சட்டச் சிக்கலாகும் என்று நழுவிவிட்டார்.

இன்னொன்று. பழைய வருட ரேட்டிங்கைப் பார்க்கலாம் என்றால் நடுவே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. ஏன்?

மகள் மூன்றாம் வகுப்பு, நன்றாகப் படிப்பாள். மகன் கிண்டர்கார்டன், இப்போதைய பள்ளியிலேயே ஸ்பீச் தெரபி போகிறது. குளிர்கால விடுமுறையில் மாறிவிடலாம் என்று எண்ணம். இரண்டாம் பள்ளி வீட்டுக்கு விலை கணிசமாகக் கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

நாலாங்கிளாஸ் டீச்சர்

தம்பி, கேள்வியோடு உள் மார்க்கையும் சேர்த்துப் போட்டதற்கே உங்களுக்கு ஒரு ஸ்டிக்கர் தரலாம். பெரும்பாலானவர்கள் எழுத்தை மட்டும் எழுதிவிட்டு "நல்ல ஸ்கூலா?" என்று கேட்பார்கள். நான் இந்தப் பக்கத்தில்தான் (உங்கள் டிஸ்ட்ரிக்டில் அல்ல) பல வருடமாக நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த அட்டவணைகள் எங்கள் ஸ்டாஃப் மீட்டிங்கில் சுவரில் ஓடாத ஆகஸ்ட் மாதம் கிடையாது.

முதலில் கூட்டல். டெக்சஸ் சூத்திரம் இதுதான்: அச்சீவ்மென்ட், ப்ராக்ரஸ் இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு 70 சதவீத எடை. க்ளோசிங் த கேப்ஸுக்கு 30 சதவீதம். குறைந்தது எதுவோ அது மொத்தக் கணக்கில் சேர்வதே இல்லை. 2017-இல் சட்டசபை நிறைவேற்றிய ஹவுஸ் பில் 22-இல் வந்த ஏற்பாடு.

உங்கள் முதல் பள்ளியில் அதிகமானது ப்ராக்ரஸ், 92. இரண்டாம் பள்ளியில் அதிகமானது அச்சீவ்மென்ட், அதுவும் 92. அதாவது பெரிய 70 சதவீதப் பங்கில் இரண்டும் ஒரே மார்க்! நான்கு மார்க் வித்தியாசம் முழுக்க முழுக்க 88-க்கும் 75-க்கும் நடுவிலிருந்து வருகிறது. 13-இல் 30 சதவீதம் 3.9. சரியாகப் போச்சா?

ஆக, "நன்றாகப் படிக்கிற பள்ளிக்கு ஏன் பி" என்ற கேள்வியை மாற்றிப் போடுங்கள். இரண்டாம் பள்ளி நன்றாகப் படிப்பதற்கான முழுக் கூலியையும் வாங்கிவிட்டது. அது சறுக்கியது வேறு இடத்தில். அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அச்சீவ்மென்ட் எப்படிப் போடுகிறார்கள்? எலிமென்டரியில் வேறு எதுவும் இல்லை, ஸ்டார் மட்டும்தான். நீங்கள் கொடுத்த மூன்று சதவீதத்தையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். முதல் பள்ளி 82, 55, 25, சராசரி 54. இரண்டாவது 90, 68, 38, சராசரி 65. இது மூல மார்க். பிறகு மாநிலம் ஒரு மாற்று அட்டவணை வைத்து இதை நூற்றுக்கான அளவுக்குக் கொண்டுபோகும். எலிமென்டரி, மிடில், ஹைஸ்கூல் மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை. 54 என்பது 82 ஆவதும் 65 என்பது 92 ஆவதும் அங்கேதான். யாராவது "அந்த ஸ்கூல் பசங்க 82 மார்க் எடுக்கிறாங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது மார்க் அல்ல, மாற்றிய மார்க்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாஸ்டர்ஸ் வாங்கிய பிள்ளை மூன்று வரிசையிலும் எண்ணப்படும். மீட்ஸ் வாங்கியது இரண்டில், அப்ரோச்சஸ் வாங்கியது ஒன்றில். எந்தக் கோட்டைத் தாண்டினாலும் பள்ளிக்கு ஒரே அளவு லாபம். அதனால் கோட்டுக்கு ஒட்டினாற்போல் கீழே நிற்கிற பிள்ளைகளுக்குத்தான் வசந்தகாலத்தில் ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம். பபிள் கிட்ஸ் என்போம். கோட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. இதை எந்தத் தளத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்து ப்ராக்ரஸ். இதற்குள்ளேயும் இரண்டு பாகம், அதிலும் நல்லதை எடுத்துக்கொள்வார்கள். ஒன்று வளர்ச்சி: அதே பிள்ளை போன வருடம் எந்த நிலை, இந்த வருடம் எந்த நிலை. டிட் நாட் மீட் (அப்ரோச்சஸைக்கூட எட்டாத நிலை), அப்ரோச்சஸ் இரண்டையும் கீழ்ப்பாதி, மேல்பாதி என்று பிரித்துக்கொள்வார்கள். மேலே ஏறினால் ஒரு புள்ளி. மீட்ஸிலோ மாஸ்டர்ஸிலோ இருந்த இடத்திலேயே நின்றாலும் ஒரு புள்ளி. அப்ரோச்சஸில் நின்றால் அரை. சறுக்கினால் பூஜ்யம். போன வருடம் டிட் நாட் மீட் வாங்கிய பிள்ளை இந்த வருடம் அப்ரோச்சஸைத் தொட்டால் அதற்கென்று கூடுதல் கால் புள்ளி வேறு.

இன்னொரு பாகம் ஒப்பீடு: பொருளாதார ரீதியில் பின்தங்கிய பிள்ளைகள் இதே அளவு இருக்கிற மற்ற பள்ளிகளோடு பார்த்தால் இந்தப் பள்ளி எங்கே நிற்கிறது என்பது. முக்கியமாக இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் பிள்ளைகளை வைத்து இதைக் கணக்கிடுவார்கள். இரண்டு பள்ளியிலும் அந்தச் சதவீதம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்துச் சொல்லுங்கள். முதல் பள்ளியில் அது பாதிக்கு மேல் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஓட்டைகளுக்குக் காரணம் இவை. 2020, 2021 கோவிட், ரேட்டிங் இல்லை. 2022-இல் ஏ, பி, சி மட்டும் கொடுத்தார்கள். டி, எஃப் வரவேண்டிய பள்ளிகளுக்கு "நாட் ரேட்டட்". 2023-இல் மாநிலக் கல்வி ஏஜென்சி, அதாவது டிஇஏ, விதிகளை மாற்றியது. ஹைஸ்கூல்களில் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாரான மாணவர்களின் அளவுக்கு, அதாவது சிசிஎம்ஆருக்கு, ஏ வாங்க 60 போதும் என்றிருந்ததை 88 ஆக்கினார்கள். அதுவும் ஏற்கெனவே படித்து முடித்துப் போன மாணவர்களை வைத்து. நூற்றுக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் கோர்ட்டுக்குப் போயின. 2023 ரேட்டிங் 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. 2024-க்கும் வேறு வழக்கு; அதையும் 2025-ஐயும் சேர்த்து 2025 ஆகஸ்டில் விட்டார்கள். விதி மாறியதால் 2022 எழுத்தையும் 2025 எழுத்தையும் பக்கத்தில் வைத்து "ஏறியது, இறங்கியது" என்று சொல்லவே முடியாது.

ரியல் எஸ்டேட் தளத்தின் பத்துக்கு 6, 9 மாநிலத்துடையது அல்ல. கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாபநோக்கற்ற தனியார் அமைப்பின் மார்க். அவர்களுடைய சூத்திரம் தனி. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இப்போது அந்த 75.

க்ளோசிங் த கேப்ஸ் என்பது பள்ளிக்குள்ளே பிள்ளைகளைப் பிரித்துப் பார்ப்பது. எல்லாப் பிள்ளைகளும் ஒரு குழு. போன வருடம் மிகக் கீழே இருந்த இரண்டு இனக்குழுக்கள். அப்புறம் "ஹை ஃபோகஸ்" என்று ஒரு குழு. வசதி குறைந்த பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைகள், வீடின்றியோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருந்து அடிக்கடி பள்ளி மாறும் பிள்ளைகள் எல்லோரும் இந்தக் குழுவில். எலிமென்டரியில் இந்த டொமைனின் (மூன்று உள் மார்க்குப் பிரிவுகளையும் டொமைன் என்போம்) பாதி எடை வளர்ச்சிக்குத்தான். ஆக, பள்ளியின் சராசரி வானத்தில் இருந்தாலும் இந்தப் பிள்ளைகள் நகரவில்லை என்றால் இங்கே மார்க் விழும்.

உங்கள் மகனின் ஸ்பீச் தெரபி ஐஇபி, அதாவது பிள்ளைக்கென்று பள்ளி எழுதிக்கொடுக்கும் தனிக் கல்வித் திட்டம், வழியாகத்தானே நடக்கிறது? அப்படியென்றால் டெக்சஸ் கணக்கில் அவன் ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளை. இரண்டாம் பள்ளியின் 92 உங்கள் மகளைப் பற்றிப் பேசுகிறது என்றால் அந்த 75 உங்கள் மகனைப் பற்றிப் பேசுகிறது.

பேசுகிறது என்றுதான் சொன்னேன். தீர்ப்பு என்று சொல்லவில்லை. வசதியான பகுதிப் பள்ளியில் இந்தக் குழுவில் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். நாலைந்து பேர் ஒரு நாள் சரியாக எழுதாவிட்டாலே மார்க் ஆடிவிடும். தளத்தில் அந்த டொமைனுக்கு டேட்டா டேபிள் என்று ஒரு இணைப்பு இருக்கும். திறந்து, எந்தக் குழு, எத்தனை பேர் என்று பாருங்கள்.

ஹூஸ்டன் மாமா

டீச்சரம்மா கணக்கைப் பிரிச்சு மேஞ்சுட்டாங்க. நான் அந்த எழுத்துக்குப் பின்னாடி இருக்கிற கம்பைப் பத்திச் சொல்றேன். விக்கி தம்பி, உங்க ரெண்டு ஸ்கூலுக்கும் இது வராது. ஆனா இந்த ரேட்டிங் ஏன் கோர்ட் வரைக்கும் போகுதுன்னு புரியணும்னா இதைத் தெரிஞ்சுக்கணும்.

2015-ல ஒரு சட்டம் வந்துச்சு. ஒரே ஒரு ஸ்கூல் தொடர்ந்து அஞ்சு வருஷம் ஃபெயிலானா, மாநிலக் கல்விக் கமிஷனர் ஒண்ணு அந்த ஸ்கூலை மூடணும், இல்லன்னா மொத்த டிஸ்ட்ரிக்டோட போர்டையும் தூக்கிட்டு தன் ஆளுங்களைப் போடணும். எங்க ஹூஸ்டன் ஐஎஸ்டி மாநிலத்துலயே பெரிய டிஸ்ட்ரிக்ட். அதுல வீட்லி ஹைஸ்கூல்னு ஒண்ணு. அது தொடர்ந்து கீழே போனதை வச்சு 2019-லயே கையில எடுக்கப் பார்த்தாங்க. கேஸ் போட்டு இழுத்தாங்க. நடுவுல 2022-ல அதே வீட்லி சி வாங்கிடுச்சு! ஆனாலும் 2023 ஜனவரில டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் தடையை நீக்குச்சு, ஜூன் மாசம் நாங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு போயி மாநிலம் போட்ட போர்டு வந்துச்சு. மைக் மைல்ஸ் சூப்பரின்டென்டன்ட், அதாவது டிஸ்ட்ரிக்டோட தலைமை நிர்வாகி ஆனார்.

நல்லதா கெட்டதான்னு எங்க தெருவுலயே ரெண்டு கட்சி. மார்க் ஏறியிருக்குன்னு ஒரு பக்கம், நல்ல டீச்சருங்க போயிட்டாங்க, லைப்ரரியை மூடிட்டாங்கன்னு இன்னொரு பக்கம். என் பேரன் படிக்கிற ஸ்கூல்ல ரேட்டிங் ஏறுச்சு. அவன் கதைப்புத்தகம் முழுசா ஒண்ணு படிச்சு நான் பார்க்கலை. ஒரு பக்கத்துப் பத்தியும் கேள்வியுமாத்தான் கொண்டு வர்றான். இதை எந்த டொமைன்ல போடுறது டீச்சரம்மா?

பே ஏரியா கார்த்தி

கலிஃபோர்னியாவில் ஒற்றை எழுத்தே கிடையாது. 2017-இலிருந்து டாஷ்போர்டு என்று ஒன்று. ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனி நிறம்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். இந்த வருட நிலை என்ன, போன வருடத்திலிருந்து எவ்வளவு மாறியது, இரண்டையும் சேர்த்துத்தான் நிறம். தேர்வு மட்டுமல்ல, தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்கள் எத்தனை என்பதற்கும் நிறம் உண்டு. டெக்சஸ் எழுத்தில் இவை இரண்டுமே இல்லை என்று நினைக்கும்போது அதை வைத்து வீடு வாங்க எனக்குத் துணிவு வராது.

நாலாங்கிளாஸ் டீச்சர்

கார்த்தி, நிறம் நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பள்ளிக்கு மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று ஆறு வட்டம் காட்டினால் வீடு வாங்குகிறவர் என்ன செய்வார்? நேரே அந்தப் பத்துக்கு எத்தனை தளத்துக்குப் போய்விடுவார். உங்கள் ஊரிலும் அதுதானே நடக்கிறது? மாநிலம் ஒரே எண்ணைத் தராவிட்டால் வேறு யாரோ தந்துவிடுவார்கள். எழுத்து இருக்கட்டும், ஆனால் உள்ளே இருப்பதையும் படிக்கட்டும் என்பது என் கட்சி. வருகைப் பதிவு இல்லாதது டெக்சஸ் எழுத்தின் உண்மையான குறை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மாமா, கதைப்புத்தகத்துக்கு டொமைன் இல்லை. எங்கள் பள்ளியிலும் இதே சண்டை நடக்கிறது.

வீடு தேடும் விக்கி

அக்கா, நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். வசதி குறைந்த பிள்ளைகள் முதல் பள்ளியில் 58%, இரண்டாம் பள்ளியில் 9%. நீங்கள் சொன்னபடியேதான். டேட்டா டேபிளையும் திறந்தேன். இரண்டாம் பள்ளியில் ஹை ஃபோகஸ் குழுவில் வாசிப்பு, கணக்கு இரண்டிலும் வளர்ச்சிக்கு இலக்கு எட்டவில்லை என்று இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவில் தேர்வு எழுதியவர்களே நாற்பதுக்குள்தான்.

என் மனைவியின் கேள்வி: மகள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறாள். கீழே இருப்பவர்களை மேலே ஏற்றுவதில் கெட்டிக்காரப் பள்ளியில் அவளைக் கவனிக்காமல் விட்டுவிட மாட்டார்களா? அப்புறம், நாங்கள் ஜனவரியில் சேர்த்தால் அவள் மார்க் எந்தப் பள்ளிக்குப் போகும்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நாலாங்கிளாஸ் டீச்சர்

இரண்டாவது கேள்வி சுலபம். அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை யார் எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்று மாநிலம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். ஸ்னாப்ஷாட் என்போம். அன்றைக்கும் அங்கே இருந்து, வசந்தகாலத் தேர்வையும் அங்கேயே எழுதினால்தான் அந்தப் பள்ளியின் கணக்கில் சேரும். உங்கள் மகள் ஜனவரியில் வந்தால் இந்த வருடம் எந்தப் பள்ளியின் கணக்கிலும் இல்லை. இப்போதும் இதே டிஸ்ட்ரிக்டில்தான் இருக்கிறாள் என்றால் டிஸ்ட்ரிக்ட் கணக்கில் மட்டும் வருவாள். மேலும் ஸ்டார் தொடங்குவதே மூன்றாம் வகுப்பில்தான் என்பதால் முந்தைய மார்க் இல்லை, வளர்ச்சிக் கணக்கிலும் அவள் கிடையாது. இதனால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் நிறையக் குடும்பங்கள் வருவதும் போவதுமாக இருக்கிற பள்ளியில், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதி ரேட்டிங்கில் இல்லவே இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி கேட்டதுதான் நல்ல கேள்வி. காகிதத்தில் பார்த்தால் பள்ளிக்கு அவளைக் கவனிக்கக் காரணம் இருக்கிறது: மாஸ்டர்ஸில் இருப்பவள் மாஸ்டர்ஸிலேயே நின்றால் முழுப் புள்ளி, மீட்ஸுக்கு இறங்கினால் பூஜ்யம். நடைமுறையில்? மாஸ்டர்ஸில் நன்றாக மேலே இருக்கிற பிள்ளை ஒரு வருடம் சும்மா இருந்தாலும் கோட்டுக்குக் கீழே வரமாட்டாள். அவளுக்கு அந்த வருடம் வீணாகப் போனதா என்பது இந்த அட்டவணைக்குத் தெரியாது. மாஸ்டர்ஸுக்கு மேலே இன்னொரு கோடு இல்லை. அதனால் இந்த ரேட்டிங், 92 என்றாலும் 82 என்றாலும், உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி மிகக் குறைவாகத்தான் சொல்லும்.

அவளுக்காக நேரில் கேட்க வேண்டியது: நாலாம் வகுப்பில் முன்னே ஓடுகிற பிள்ளைகளுக்குக் கணக்கில் என்ன தருகிறீர்கள்? தனிக் குழுவா, தனி வகுப்பா, கம்ப்யூட்டரில் உட்கார வைப்பதா? ஜிடி வகுப்பு (தனித்திறமை உள்ள பிள்ளைகளுக்கானது) வாரத்துக்கு எவ்வளவு நேரம்? 2023-இல் வந்த செனட் பில் 2124-இன்படி ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்கு வகுப்பில் தானாகவே சேர்க்க வேண்டும், பெற்றோர் வேண்டாம் என்றால்தான் விலக்கலாம். அதற்கு ஐந்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். உடனே பதில் வருகிற பள்ளிக்கும் "பார்த்துச் சொல்கிறோம்" என்கிற பள்ளிக்கும் வித்தியாசம் தெரியும்.

மகனுக்கு வருவோம். நாற்பதுக்குள் என்றால் சின்னக் கூட்டம்தான். ஆனால் வாசிப்பு, கணக்கு இரண்டிலும் ஒரே கதை என்கிறீர்கள். 2023, 2024 ரேட்டிங்கிலும் அதே டேபிள் இருக்கும். மூன்று வருடமும் விதி கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒப்பிடலாம். மூன்றிலும் அப்படியே இருந்தால் தற்செயல் என்று நான் விடமாட்டேன். ஒரு வருடம் மட்டும் என்றால் மறந்துவிடுங்கள்.

பள்ளிக்குப் போகும்போது பிரின்சிபாலிடம் ரேட்டிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். ஊரில் வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டுவதுபோல இங்கே ஏ என்று பேனர் கட்டியிருப்பார்கள், அதையே திரும்பப் படித்துக் காட்டுவார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் இந்தக் கட்டடத்திலேயே முழு நேரமா, இல்லை இரண்டு மூன்று பள்ளிக்குப் பொதுவா? தெரபிக்குப் பிள்ளையை எந்த வகுப்பு நேரத்தில் கூட்டிப்போவார்கள்? வாசிப்பு நேரத்தில் இழுத்துக்கொண்டு போனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குகிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் இந்த வருடம் ஆள் மாறினார்களா? இதே டிஸ்ட்ரிக்டுக்குள் மாறினால் ஐஇபி அவன் கூடவே வரும். வெளியிலிருந்து வந்தாலும் புதிய ஏஆர்டி மீட்டிங் (பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து ஐஇபியை முடிவு செய்யும் கூட்டம்) நடக்கும்வரை அதற்கு இணையான சேவை கொடுத்தாக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிஏபிஆர் என்று டிஇஏ ஒவ்வொரு பள்ளிக்கும் வருடாந்தர அறிக்கை போடுகிறது. ரேட்டிங் பக்கத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். டீச்சர்களில் முதல் வருடக்காரர்கள் எத்தனை பேர், பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர், வகுப்புக்குச் சராசரி எத்தனை பிள்ளைகள், நடு வருடத்தில் வந்துபோகிற பிள்ளைகள் எத்தனை சதவீதம், எல்லாம் இருக்கும். ஒரு பள்ளியில் பாதிப் பேர் புதுசு என்றால் ஏ கிரேடானாலும் ஒரு நிமிடம் யோசிப்பேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்? விலை குறைந்த வீட்டின் பக்கம்தான் சாய்வேன், டேபிள் மூன்று வருடமும் அதையே சொன்னால். மகளுக்குக் குறைவதை வீட்டிலும் நூலகத்திலும் ஈடுகட்டிவிடலாம், மிச்சமாகிற பணமும் இருக்கிறது. தெரபி கிடைக்காமல் போகிற வருடத்தை அப்படி ஈடுகட்டுவது கடினம். ஆனால் தெரபிஸ்ட் விஷயத்தில் முதல் பள்ளி சொதப்பினால் இந்தப் பேச்சே வேறு.

ஹூஸ்டன் மாமா

இன்னொண்ணு சேர்த்துக்கறேன். ஸ்டார் தேர்வே போகப்போகுது. 2025-ல ஹவுஸ் பில் 8 போட்டாச்சு. 2027-28 கல்வியாண்டுலேர்ந்து வருஷக் கடைசில ஒரே பெரிய தேர்வுக்குப் பதிலா மூணு சின்னத் தேர்வு. கிண்டர்ல இருக்கிற பையன் மூணாங்கிளாஸ் வர்றப்போ எழுதப்போறது அதைத்தான். ஸ்டார் மார்க்கைப் பார்த்து இப்ப எடுக்கிற முடிவு அவனுக்கு எவ்வளவு பொருந்தும்னு நீங்களே பார்த்துக்குங்க.

வீடு தேடும் விக்கி

மூன்று வருட டேபிளையும் இறக்கிவிட்டேன். 2023-இல் வாசிப்பில் மட்டும் இலக்கு எட்டியிருக்கிறார்கள், மற்றபடி 2024-உம் 2025 மாதிரியேதான். அடுத்த வாரம் இரண்டு பள்ளிக்கும் டூர் கேட்டிருக்கிறோம். தெரபி கேள்விகளை மனைவி அப்படியே எழுதி வைத்துக்கொண்டாள். அக்கா, மாமா, கார்த்தி, மூவருக்கும் நன்றி.

நாலாங்கிளாஸ் டீச்சர்

போவதற்கு முன் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் இரண்டு வீட்டு விலாசத்தையும் போட்டுப் பாருங்கள், விற்பவர் சொன்ன பள்ளிதான் வருகிறதா என்று. வடக்கே வேகமாக வளர்கிற இடங்களில் புது எலிமென்டரி திறந்தால் எல்லையை மாற்றி வரைவார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு என்று ஆகிவிடும். போர்டு மீட்டிங் அஜெண்டாவில் "அட்டெண்டன்ஸ் ஸோன்" என்று தேடினால் அப்படி ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். டூர் முடிந்ததும் தெரபிஸ்ட் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள்.